கையால் கட்டிய தூண்டில் ஜிக் கழன்றால்: புதிதாகக் கட்டுபவர்களுக்குத் திருத்த வழிகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து லயத்துப் பையன் காசல்ரீ தண்ணிக்கரையிலிருந்து நேரே என் வாசலுக்கு வந்தான். உள்ளங்கையில் ஒரு ஜிக், அதாவது மீனை ஏமாற்ற முடி கட்டி எறியும் தூண்டில் முள். அதன் ஈயத் தலையில் ஒட்டிக்கொண்டு நாலைந்து வெள்ளை முடி. "அண்ணே, ரெண்டு தரம்தான் எறிஞ்சேன். மூணாவது தரம் மொட்டையா வந்திருச்சு" என்றான். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து கட்டியதாம். அதைத் தூக்கி வீசிவிட்டு வேறு ஒன்று கட்டப்போகிறேன் என்று நின்றான். கொடு என்று வாங்கி, மிச்சமிருந்த நூலை பிளேட்டால் அறுத்துப் பிரித்துக் காட்டினேன். வழவழவென்ற ஈயத்தின் மேல் நேராக முடியை வைத்துச் சுற்றியிருந்தான். அடியில் ஒரு சுற்று நூல்கூட இல்லை. அப்படிக் கட்டினால் ஐம்பது சுற்றுச் சுற்றினாலும் பெரிய விரலுக்குச் செய்த மோதிரம் சின்ன விரலில் கிடப்பது மாதிரி சுழன்றுகொண்டே இருக்கும்.

ஜிக் கட்டுவதில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த மாதிரித்தான். கண்ணுக்குத் தெரிவது வாலில், தவறு நடந்தது கழுத்தில், அதுவும் முதல் பத்துச் சுற்றுக்குள். அதனால் பழுதான ஜிக்கை வீசாமல், எந்தச் சுற்றில் தவறியதோ அதுவரை பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஈயத் தலையும் முள்ளும் நல்ல விலை. முடியும் நூலும் வீட்டிலேயே கிடக்கின்றன.

என்னென்ன வேண்டும்

ஜிக் என்பது ஈயத் தலை வார்த்த ஒரு தூண்டில் முள். தலைக்குப் பின்னால் ஈயத்திலேயே கொஞ்ச நீளத்துக்கு ஒரு கழுத்து இருக்கும். அந்தக் கழுத்தில்தான் முடியையோ இறகையோ வைத்துக் கட்டுகிறோம். காசல்ரீ, மவுஸ்ஸாகலை, மேல் கொத்மலை மாதிரி இலங்கை மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் கரையிலிருந்து எறிய 2 கிராம், 3.5 கிராம் தலைகள் போதும். திலாப்பியாவுக்குச் சின்னது, விராலுக்குக் கொஞ்சம் பெரியது.

தலையை வாங்கிக்கொள்வதே நல்லது. சொந்தமாக வார்க்கிறேன் என்று சிலர் லயத்து அடுப்பில் ஈயத்தை உருக்குகிறார்கள். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். நம் ஊர் ஈரத்தில் அச்சுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் அது ஆவியாகி, உருகிய ஈயம் முகத்துக்குத் தெறிக்கும். புகையும் நஞ்சு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம். வாங்கிய தலையைத் தொட்டாலும் கை கழுவாமல் ரொட்டியில் கை வைக்காதீர்கள்.

முடிக்கு வெள்ளாட்டு முடி அருமை. இறகுக்கு வீட்டுக் கோழியின் பின்பக்கத்தில், வெளி இறகுக்கு அடியில் பஞ்சு மாதிரி இருக்கும் மெல்லிறகு. வெளிநாட்டுக்காரர்கள் மான் வாலைப் பெரிதாகச் சொல்வார்கள். இங்கே மரை, மான் பக்கமும் காட்டுக்கோழிப் பக்கமும் போகவே கூடாது, அவை பாதுகாக்கப்பட்ட உயிர்கள். ஆடு போதும். நூலுக்குத் தையல் மெஷின் பொலியஸ்டர் நூல். அப்புறம் ஒரு பிளேட், கூரான சின்னக் கத்தரிக்கோல், ஒரு துண்டுத் தேன்மெழுகு, சூப்பர் க்ளூ, நிறமில்லாத கியூட்டெக்ஸ், அதாவது நகப்பூச்சு. முள்ளைப் பிடிக்கத் தனி வைஸ் இல்லையென்றால் குறட்டின் வாயில் முள்ளின் வளைவைக் கொடுத்து, கைப்பிடியில் இறுக்கமாக ரப்பர் பேண்டைச் சுற்றி, குறட்டை மேசை விளிம்பில் கட்டிவிடுங்கள். நான் 3 வருஷம் அப்படித்தான் கட்டினேன்.

ஒழுங்காகக் கட்டினால் எப்படி இருக்கும்

சரியானது எது என்று தெரிந்தால்தானே பிழை தெரியும். ஆகவே முதலில் இதை ஒருமுறை மெதுவாகச் செய்து பாருங்கள்.

ஈயக் கழுத்தை பிளேட்டின் முதுகால் லேசாகச் சுரண்டிச் சொரசொரப்பாக்குங்கள். நூலைத் தேன்மெழுகில் இரண்டு தரம் இழுங்கள். மெழுகுதிரி வேண்டாம், அது வழுக்கும்; தேன்மெழுகுதான் பிடிக்கும். கழுத்தின் முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால் என்று நூலை நெருக்கிச் சுற்றி ஈயமே தெரியாமல் மூடுங்கள். அதன் மேல் ஒரு சொட்டு க்ளூ. இதுதான் அத்திவாரம்.

அடுத்து முடி. தீக்குச்சித் தடிப்புக்கு ஒரு கொத்தெடுத்து, அடியில் இருக்கும் பஞ்சை விரலால் கோதி எடுத்துவிட்டு, வெட்டு நுனியைச் சரிவாக வெட்டுங்கள். கழுத்தின் மேல் வைத்துக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்தபடி முதல் இரண்டு சுற்றைத் தளர்வாகப் போடுங்கள். மூன்றாவது சுற்றில் நூலை நேரே கீழே இழுத்து இறுக்குங்கள். அதுவரை கிள்ளிய விரலை எடுக்கக் கூடாது. பிறகு நாலைந்து இறுக்கமான சுற்று. முள்ளைத் திருப்பி மறுபக்கமும் அதே மாதிரி ஒரு கொத்து. கடைசியில் கழுத்து முழுவதும் நூலால் மூடி, முடிச்சுப் போட்டு, மேலே கியூட்டெக்ஸ்.

எவ்வளவு இறுக்குவது என்று கேட்பார்கள். உங்கள் நூலை வேண்டுமென்றே மூன்று தரம் அறுத்துப் பாருங்கள். அறுவதற்குச் சற்று முன்னால் கைக்கு ஒரு இழுவை தெரியும், அதுதான் அளவு. இதை வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது.

முடி கழன்று வருகிறது, அல்லது கழுத்தைச் சுற்றிச் சுழல்கிறது

கட்டி முடித்ததும் தலையை ஒரு கையில் பிடித்து, முடிக்கொத்தை மறு கையால் முறுக்கிப் பாருங்கள். மொத்தமாகச் சுழன்றால் அத்திவாரம் இல்லை என்று அர்த்தம். இதற்கு மேலே க்ளூ ஊற்றி ஒப்பேற்றலாம் என்று தோன்றும். இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் தண்ணீரில் விடும். முழுவதும் பிரித்து அடிச்சுற்றிலிருந்து தொடங்குவதுதான் ஒரே வழி.

சுழலாமல், ஒன்றிரண்டாக மட்டும் முடி உருவி வந்தால் கதை வேறு. நடுவில் இருக்கும் முடிக்கு நூல் எட்டவில்லை, அதாவது கொத்து தடிப்பு. ஆட்டு முடி உள்ளே கெட்டியானது, வழுக்கும் குணமுள்ளது. நூல் எவ்வளவு இறுக்கினாலும் வெளிப்பக்க முடி மட்டும் மாட்டும், உள்ளே இருப்பது மெல்ல நழுவும். இதை முழுதாகப் பிரிக்கத் தேவையில்லை. கழுத்தின் பின் விளிம்பில் முடி தொடங்கும் இடத்தில் ஊசி முனையால் ஒரு சிறு சொட்டு க்ளூவை உள்ளே விட்டு, அதன் மேல் ஆறேழு இறுக்கமான சுற்றுப் போட்டு முடியுங்கள். அடுத்த முறை கொத்தைப் பாதியாக்கி, இரண்டு தடவையாகக் கட்டுங்கள்.

க்ளூ சொட்டு பெரிதாகிவிட்டால் முடிக்குள் ஊறி வால் துடைப்பக் குச்சி மாதிரி விறைத்துப்போகும். மீனுக்கு அது செத்த சாமான். நகப்பூச்சு அழிக்கும் அசிற்றோனைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் க்ளூ இளகும். தலையில் பூச்சு இருந்தால் அதுவும் சேர்ந்து போகும், பார்த்துச் செய்யுங்கள்.

முடி ஒரே பக்கமாக ஒதுங்கிவிட்டது

புதியவர்கள் எல்லோருக்கும் வரும் கோளாறு. கொத்தை மேலே வைக்கிறோம், நூல் போகும் போக்கில் அதுவும் நகர்ந்து மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. முதல் சுற்றையே இறுக்குவதால் வரும் வினை இது. மேலே சொன்ன தளர்வான இரண்டு சுற்று இதற்குத்தான்.

நடந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள். இரண்டு மூன்று சுற்றுத்தான் ஆகியிருக்கும், எதிர்ப்பக்கமாகச் சுற்றி அவிழ்த்துவிட்டு, கொத்தை உங்கள் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். இறுக்கும்போது நூல் அதைத் தள்ளிக்கொண்டுபோய் நடுவில் சரியாக நிறுத்தும். கட்டி முடித்த பிறகு கண்டுபிடித்தால், குறைந்த பக்கத்தில் ஏழெட்டு முடியை மட்டும் தனியாகச் சேர்த்துக் கட்டலாம். பிரிக்காமலே தப்பிக்கலாம்.

முடி அதிகமாகிவிட்டதென்றால் வாலின் நுனியை நேராக வெட்டிவிடாதீர்கள். நுனி மெலிந்திருப்பதால்தான் தண்ணீரில் அசைகிறது. வெட்டினால் பெயின்ட் பிரஷ் ஆகிவிடும். கத்தரியை முடியோட்டமாக உள்ளே நுழைத்து, கழுத்தை ஒட்டி நாலைந்து முடியாக அடியோடு எடுங்கள். மெல்லிறகு வால் நீண்டுபோனால் கத்தரியே வேண்டாம், நகத்தால் கிள்ளி அறுங்கள். ஒழுங்கில்லாமல் அறுவதுதான் நல்லது.

நூல் நடுவில் அறுந்துவிட்டது

பதற வேண்டாம். அறுந்த நுனி சுருண்டு அவிழ்வதற்குள் ஒரு உடுப்புக் கிளிப்பைக் கவ்வவிட்டுத் தொங்கவிடுங்கள், கிளிப்பின் பாரம் நூலை இறுக்கமாக வைத்திருக்கும். புது நூலை அதே இடத்தில் வைத்து, பழைய நுனியையும் சேர்த்து எட்டுச் சுற்றுச் சுற்றிவிட்டு இரண்டு நுனியையும் வெட்டுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது.

ஆனால் திரும்பத் திரும்ப அறுந்தால் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் முள் முனைதான் குற்றவாளி. ஒவ்வொரு சுற்றிலும் நூல் அதன் மேல் உரசிப்போகும். முனையில் ஒரு சின்ன வயர் உறையைச் செருகிவிட்டால் நூலும் தப்பும், விரலும் தப்பும். இரண்டாவது காரணம் நம் கை. கவ்வாத்துக் கத்தி பிடித்த விரலும், கொழுந்து பறித்து வெடித்த விரலும் நூலைப் பிசிறாக்கிவிடும். என் அம்மா ஒருநாள் எனக்கு உதவியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நமக்கு ஒத்துவராதுடா, என் கையே அரமா இருக்கு" என்று சிரித்தாள். தேங்காய் எண்ணெய் பூசினால் விரல் மெதுவாகும், ஆனால் எண்ணெய் பட்ட இடத்தில் க்ளூ பிடிக்காது. பழைய சேண்ட் பேப்பரால் விரல் நுனியை லேசாகத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்காருங்கள். அம்மாவுக்கு அப்புறம் அதுதான் உதவியது.

க்ளூ வெள்ளையாகப் பூத்துவிட்டது

இது மலைநாட்டுக் கோளாறு. மே மாதத்துக்கு மேல் நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மழையும் பனிமூட்டமும் பிடித்தால் வீட்டுக்குள் உடுப்பே காயாது. அந்த ஈரக் காற்றில் சூப்பர் க்ளூவின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து, கழுத்தைச் சுற்றி மாவு தூவின மாதிரி வெள்ளையாகப் படியும். கட்டு பலமாகத்தான் இருக்கும், பார்க்கத்தான் அசிங்கம். நன்றாகக் காய்ந்த பிறகு மேலே கியூட்டெக்ஸ் பூசினால் வெள்ளை பெரும்பாலும் மறையும். வராமல் தடுக்க, க்ளூவைக் குறைத்து, காற்றோடும் இடத்தில் காயவிடுங்கள். மூடிய டப்பாவுக்குள் வைத்தால் இன்னும் மோசம்.

கியூட்டெக்ஸும் அந்தக் காலத்தில் லேசில் காயாது. ராத்திரி பூசிக் காலையில் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசாமல், மெல்லிசாக இரண்டு தரம் பூசுவது நல்லது. மகளின் போத்தலை எடுப்பதென்றால் நிறத்தைப் பார்த்து எடுங்கள், அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

பூச்சு முள்ளின் கண்ணை, அதாவது தூண்டில் நூல் கட்டும் ஓட்டையை, அடைத்துக்கொண்டால், ஈரமாக இருக்கும்போதே ஒரு கோழி இறகின் தண்டைக் கண்ணுக்குள் விட்டு இழுங்கள். காய்ந்துவிட்டால் தையல் ஊசி. கடையில் வாங்கிய தலைகளிலும் கண் அடைத்துத்தான் வரும். கட்டத் தொடங்குவதற்கு முன்னாலேயே குத்தித் திறந்துவிடுங்கள். அணைக்கட்டு ஓரத்தில் விறைத்த கையோடு அதைச் செய்து பாருங்கள், ஏன் சொன்னேன் என்று தெரியும்.

கொத்துகிறது, மாட்டவில்லை

இதைக் கட்டும்போது கண்டுபிடிக்க முடியாது, தண்ணிக்கரையில்தான் தெரியும். டொக் டொக் என்று கைக்குத் தெரிகிறது, இழுத்தால் ஒன்றுமில்லை. முதலில் வாலின் நீளத்தைப் பாருங்கள். திலாப்பியாவுக்கு வாய் சின்னது. முள்ளின் வளைவைத் தாண்டி ஒரு நகத்தளவு போதும், அதற்கு மேல் நீண்டால் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும். அடுத்து முள் முனைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள வாயைப் பாருங்கள். அது முடியால் அடைபட்டிருந்தால் முனை மீனைத் தொடாது. அந்த இடத்து முடியை மட்டும் அடியோடு எடுங்கள்.

இன்னொன்று, நிறம் தலைகீழாவது. ஜிக் தண்ணீரில் முள் முனை மேலே பார்க்கத்தான் போகும், கண்ணும் அதே பக்கம்தான். குறட்டில் மாட்டும்போதோ முனை கீழே இருக்கும். ஆகவே கட்டும்போது மேலே தெரிவது தண்ணீரில் வயிறு. சின்ன மீன்களுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு. நீங்கள் கறுப்பு முடியை மேலே வைத்துக் கட்டினால் மல்லாந்து நீந்தும் மீன் கிடைக்கும். கட்டு பலமாக இருந்தால் இதற்காகப் பிரிக்க வேண்டாம், கலங்கிய தண்ணீருக்கு ஒதுக்கி வையுங்கள். அடுத்ததில் கறுப்பை முனைப் பக்கம் கட்டுங்கள்.

முடிச்சு அவிழ்கிறது

வெறும் சுருக்கு மூன்று போட்டுவிட்டு க்ளூவை நம்பியிருப்பவர்கள்தான் அதிகம். தூண்டில் தடியில் வளையம் கட்டும் முறை இதற்கு அருமையாகப் பொருந்தும். ஒரு விரல் நீளத் தங்கூஸை, அதாவது தூண்டில் நைலோன் இழையை, இரண்டாக மடித்து, மடிப்பு வால் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி கழுத்தின் மேல் வையுங்கள். அதையும் சேர்த்துத் தலைப் பக்கமிருந்து வால் பக்கம் ஆறு சுற்று. நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, நுனியை அந்த மடிப்புக்குள் விடுங்கள். இப்போது தங்கூஸின் இரண்டு நுனியையும் பிடித்துத் தலைப் பக்கம் இழுத்தால், நூல் நுனியும் ஆறு சுற்றுக்கு அடியில் புகுந்து வெளியே வரும். இறுக்கி, ஒட்ட வெட்டுங்கள். இழுக்கவே வராவிட்டால் சுற்றை மிதமிஞ்சி இறுக்கிவிட்டீர்கள். கடைசி ஆறு சுற்றை மட்டும் அவிழ்த்துத் திரும்பச் செய்யலாம்.

பிரிப்பது எப்படி

முள் முனையைத் தக்கையில் குத்திக்கொள்ளுங்கள். முனைக்கு எதிர்ப்பக்கம், ஈயக் கழுத்தின் மேல் பிளேட்டை வைத்து, உங்களை விட்டு வெளியே போகிற மாதிரி நீளவாக்கில் ஒரே கீறல். அடியில் ஈயம் இருப்பதால் பிளேட் அதற்கு மேல் இறங்காது. நூல் ஓடு மாதிரி விரியும், குறட்டால் பிடித்து உரியுங்கள். கழுத்தில் விழுந்த கீறலைப் பற்றிக் கவலை வேண்டாம், அடுத்த அத்திவாரத்துக்கு அது பிடிமானம். முள்ளில் துரு ஏறியிருந்தாலோ, முனை மழுங்கி நகத்தில் வழுக்கினாலோ மட்டும் தலையைக் கைவிடுங்கள்.

எறிவதற்கு முன்

பீலியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் பிடித்து, ஜிக்கைத் தங்கூஸில் கட்டி உள்ளே விடுங்கள். முதலில் முடிக்குள் இருக்கும் காற்றை விரலால் பிழிந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தவறாகக் காட்டும். படுக்கையாக, கிடைமட்டமாகத் தொங்க வேண்டும். மூக்குக் குத்தினாலோ வால் தாழ்ந்தாலோ கட்டைப் பிரிக்க ஓடாதீர்கள், கண்ணில் போட்ட தங்கூஸ் முடிச்சு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை மேல் நடுவுக்குத் தள்ளினாலே சரியாகிவிடும். மெதுவாக இழுக்கும்போது பம்பரமாகச் சுற்றினால், இறகின் நடுத்தண்டு உள்ளே இருக்கிறது. அந்தத் தண்டைத் தேடி, கழுத்தை ஒட்டி வெட்டி உருவுங்கள். தண்டு நிற்கும்வரை தங்கூஸ் முறுக்கிக்கொண்டே போகும்.

எறியும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1969இல் மவுஸ்ஸாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்கடியில் போனது. வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். அந்தப் பக்கம் அடியோடு இழுத்தால் சுவரும் மரக்கட்டையும் உங்கள் ராத்திரி உழைப்பை வாங்கிக்கொள்ளும். புதுக் கட்டைச் சோதிக்கத் திறந்த கரையைத் தேடுங்கள். ஹோட்டன் சமவெளி 1988இலிருந்து தேசியப் பூங்கா, டிரவுட் இருக்கிறதே என்று அங்கே தூண்டிலோடு போகக் கூடாது. மற்ற ஓடைகளிலும் தேக்கங்களிலும் அனுமதி கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஜிக்கைத் துடைத்துக் காயவையுங்கள். இறகையும் முடியையும் பால்மா டின்னில் இரண்டு பூச்சி உருண்டையோடு வையுங்கள். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பூஞ்சண வாடை வந்தால் வெயில் வரும் அன்று கடதாசியில் பரப்பிக் காயப்போடுங்கள், ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். போன வருஷம் என்னுடைய நல்ல வெள்ளை மெல்லிறகு முழுவதும் ஒரு காகத்தின் கூட்டுக்குப் போனது.